வாடகைக்கு எடுத்த கார்

சொந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கு முன் மனிதன் மூன்று முறை யோசிக்கிறான். சுவர் விரிசல் விடுமோ, சுண்ணாம்பு உதிருமோ, ஆணி கோணலாக இறங்கிவிடுமோ என்று விரலால் தட்டிப் பார்க்கிறான். அதே மனிதன் வாடகை வீட்டுக்குக் குடிபோனால், முதல் நாளே நாலு காலண்டருக்கும் ஆறு படத்துக்குமாகப் பத்து ஆணிகளை இறக்கிவிடுகிறான். 'வாடகை கொடுக்கிறோமே!' என்பது அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள்கள் நம் ஊர்த் தெருக்களில் ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். மேடு, பள்ளம், கல், முள் எதுவும் அந்தச் சைக்கிள்களுக்கு விலக்கல்ல. ஒரு மணி நேரத்துக்குள் அதன் உயிரில் பாதியை உறிஞ்சிவிட வேண்டும் என்பது போல மிதிப்பார்கள். 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று பிறரைக் கேலி செய்யப் பழமொழி வைத்திருக்கிறோம். அந்த நெய்யைக் காசு கொடுத்து வாங்கிவிட்டோம் என்று ஒரு சீட்டும் கையில் இருந்துவிட்டால் கேலிக்குக் கூட இடமில்லாமல் போகிறது.

காசு கொடுத்துவிட்டால் அக்கறை காட்டவேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறதா? இந்தக் கேள்வியை என் மனத்தில் ஆழமாகத் தைத்தது நம் ஊர்ச் சைக்கிள் அல்ல. ஸ்விட்ஸர்லாந்தின் மலைச் சாலைகளில் ஒரு வாரம் எங்களைச் சுமந்து திரிந்த வாடகைக் கார்.

உடன் வந்தவன் என் கல்லூரி நாள் தோழன். கோயமுத்தூரில் ஜவுளி வியாபாரம் செய்கிறான். காரை ஓட்டுவது அவன் பொறுப்பு. ஜன்னல் வழியே மலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது என் பொறுப்பு. ஜூரிச் நகரில் கார் எடுத்தபோது ஒரு தாளை எங்களிடம் நீட்டினார்கள். அதில் காரின் படம் நான்கு பக்கமும் வரைந்திருந்தது. முன்பே விழுந்திருக்கும் கீறல்களை அந்தப் படத்தில் குறியிட்டுக் காட்டியிருந்தார்கள். புதிதாக ஏதாவது கீறல் விழுந்தால் இன்ன தொகை வரையில் நாங்கள் கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்டதை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். நம் தலையில் விழும் அந்தத் தொகைக்கு ஜெர்மன் மொழியில் 'ஸெல்ப்ஸ்ட்பெஹால்ட்' என்று பெயர். 'தன் பங்காக வைத்துக்கொண்டது' என்று பொருள் சொல்லலாம். தினசரி இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் அந்தப் பங்கும் நீங்கிவிடும். கார் நசுங்கினாலும் நாம் ஒரு பிராங்க் கூடக் கொடுக்க வேண்டாம்.

தோழன் தயங்காமல் அந்தக் கூடுதல் பணத்தைக் கட்டினான். "நிம்மதிக்கு விலை இவ்வளவுதான் என்றால் அது மலிவுதானப்பா" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாட்டைப் பழிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். ஒருவன் தலையில் விழுந்தால் அவனை நசுக்கிவிடக்கூடிய பாரத்தை ஆயிரம் பேர் ஆளுக்கொரு கைப்பிடியாகச் சுமப்பது மனிதன் கண்டுபிடித்த நல்ல காரியங்களில் ஒன்று. கூடுதல் காப்பு வாங்காமல் அதே நாட்டில் கார் ஓட்டிவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். இறங்கும் இடந்தோறும் காரைச் சுற்றி வந்து சக்கரங்களையும் கதவுகளையும் தடவிப் பார்ப்பாராம். அவர் எடுத்து வந்த புகைப்படங்களில் பாதி, காரின் கதவுகள். ஆல்ப்ஸ் மலை அவற்றில் எங்கோ பின்னால் கலங்கலாக நின்றது. பயம் ஒரு மனிதனை எவ்வளவு குருடாக்கும் என்பதற்கு அந்தப் படங்களே போதும்.

ஆனால் இன்ஷூரன்ஸ் தொழிலில் இருப்பவர்களே ஒரு விஷயத்தை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். காப்பு முழுமையாக இருக்குமானால் காக்கும் கை தளர்ந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீ விபத்துக் காப்புக் கொடுத்தவர்களே இதற்கு 'ஒழுக்க அபாயம்' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வைத்தியச் செலவைப் பற்றி 1963-ல் எழுதிய கட்டுரையில் அதை ஆராய்ந்த பிறகு அது பொருளாதாரப் பாடப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. நஷ்டத்தில் ஒரு பங்கை நம் தலையிலேயே விட்டுவைப்பதற்கும் காரணம் இதுதான். மனச்சாட்சியை நம்பி எந்த வியாபாரமும் நடப்பதில்லை. மடிச்சீலையில் ஒரு நூலைக் கட்டி இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த நூலையும் அறுத்துக்கொள்ள விலை வைத்திருக்கும் விந்தையை என்னவென்று சொல்வது!

கூர் என்ற பழைய நகரத்தைத் தாண்டி யூலியர் கணவாயை நோக்கி ஏறத் தொடங்கினோம். கிரௌபுண்டன் மாநிலம் அது. இன்று கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும் இந்தச் சாலைகளில் ஒரு காலத்தில் மோட்டார் கார் நுழையவே கூடாது என்று தடை இருந்தது. 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாநில அரசு போட்ட தடை அது. 1925-ல் மக்கள் வாக்களித்து நீக்கும் வரை இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. இடையில் வாக்கெடுப்புகள் வந்தன. மக்கள் மீண்டும் மீண்டும் 'வேண்டாம்' என்றார்கள். குதிரை வண்டிக்காக வெட்டிய குறுகலான பாதைகள், மோட்டார் கிளப்பும் புழுதி, மிரளும் குதிரைகள், பாதையோரமாகப் போகும் மாடுகளும் குழந்தைகளும். தேசாந்தரங்களிலிருந்து காரில் வந்த சீமான்கள், காருக்கு முன்னால் குதிரையைப் பூட்டி இழுக்கச் செய்துகொண்டு போனதும் உண்டு.

படித்தவர்கள் இதைப் பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கார் வைத்திருந்தவன் விலை கொடுத்து வாங்கினான். விற்றவன் பணத்தைப் பெற்றுக்கொண்டான். இருவருக்கும் திருப்தி. ஆனால் அந்தப் பேரத்தில் கலந்துகொள்ளாத மூன்றாவது ஆள் ஒருவன் பாதையோரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனை ஒருவரும் கேட்கவில்லை. அந்த மூன்றாவது ஆள் தானே எழுந்து நின்று 'என்னையும் கேளுங்கள்' என்றான். இருபத்தைந்து ஆண்டுகள் அவன் சொல் நின்றது. அதற்குப் பிறகு அவனே கார் வாங்கியிருப்பான். அது வேறு கதை.

யூலியர் கணவாயின் உச்சி 2,284 மீட்டர். சாலையின் இரு பக்கமும் ரோமானியர் காலத்துத் தூண் ஒன்றின் இரண்டு துண்டுகள் நிற்கின்றன. ஜூலை மாதத்திலும் காற்று சட்டைக்குள் கை விட்டுப் பார்க்கிறது. அங்கிருந்து இறங்கினால் எங்கடீன் பள்ளத்தாக்கு, அடுத்தடுத்து ஏரிகள், ஏரிகளுக்கு நடுவில் ஸில்ஸ் மரியா என்ற சிற்றூர். பக்கத்திலேயே இருக்கும் பெக்ஸ் பள்ளத்தாக்குக்குள் இன்றைக்கும் வெளியார் கார்கள் போவதில்லை. குதிரை வண்டியில் போகலாம், அல்லது நடக்கலாம்.

ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்சே 1881-லும், பிறகு 1883 முதல் 1888 வரை ஒவ்வொரு கோடையிலும் வந்து தங்கிய ஊர் இது. அவர் குடியிருந்த வீட்டை இப்போது காட்சிச் சாலையாக வைத்திருக்கிறார்கள். மாடியில் ஓர் எளிய அறை. வாடகை அறைதான்! உலகத்தின் ஒழுக்க நூல்களையெல்லாம் உலுக்கிப் பார்த்த மனிதர், இன்னொருவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டுதான் அதைச் செய்தார் என்பதை நினைத்தபோது எனக்கு ஒரு விதமான மகிழ்ச்சி ஏற்பட்டது. சுவரில் எத்தனை ஆணி அடித்தாரோ!

1887-ஆம் ஆண்டுக் கோடையில், ஒழுக்கத்தின் பிறப்பு மூலத்தை ஆராயும் ஒரு நூலை அவர் இங்கே எழுதினார். அதில் ஓரிடத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார். ஜெர்மன் மொழியில் 'ஷுல்ட்' என்றால் குற்றம். 'ஷுல்டன்' என்றால் கொடுக்கவேண்டிய கடன்கள். ஆகவே குற்ற உணர்ச்சி என்று நாம் பெரிதாகக் கொண்டாடுவது, பழங்காலத்தில் கடன்காரனுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் இருந்த கணக்கு வழக்கிலிருந்து முளைத்ததுதான் என்பது அவர் கட்சி. கடனைக் கட்டாதவனை வதைத்தார்கள். அந்த வதை நாளடைவில் வெளியிலிருந்து உள்ளே போய்க் குடியேறிவிட்டது.

வேறு மொழிக்காரன் இதைப் படித்தால் வியப்பான். தமிழன் வியக்க வேண்டியதில்லை. நமக்குக் 'கடன்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. வட்டிக்கு வாங்கியதும் கடன், செய்யவேண்டியதும் கடன். காலைக் கடன், நீத்தார் கடன், செஞ்சோற்றுக் கடன், நன்றிக் கடன் என்று பிறப்பிலிருந்து இறப்பு வரை கடன்களாகவே அடுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் நம் முன்னோர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. பணக் கடன் கொடுத்தால் தீரும். நீத்தார் கடனைப் பணம் அனுப்பித் தீர்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் ஊர் காறித் துப்பும். செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரை விட்டவனைப் பற்றிப் பேசுகிறோமே தவிர, சோற்றின் விலையை எண்ணி வைத்துவிட்டு நடந்தவனைப் பற்றிப் பேசுவதில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மனம் ஒட்டாமல் ஒரு காரியத்தைச் செய்கிறவனைப் பார்த்துக் 'கடனே என்று செய்கிறான்' என்கிறோம். கணக்குத் தீர்க்கும் புத்தியோடு செய்தால் கடமை எவ்வளவு வறண்டு போகும் என்பதை அந்த மூன்று சொற்களுக்குள் அடைத்துவிட்டார்கள். நீட்சேக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அந்த மாடி அறையில் இன்னும் ஒரு கோடை கூடத் தங்கியிருப்பார்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். தோழன் கேட்டுக்கொண்டே ஓட்டினான். ஏரிகள் முடிகிற இடத்தில் மலோயா என்ற கணவாய் இருக்கிறது. கணவாய் என்றால் ஏறி இறங்கவேண்டும் அல்லவா? இங்கே ஏற்றமே தெரியாது. சமவெளி போலப் போய்க்கொண்டிருக்கும் சாலை, 1,815 மீட்டர் உயரத்தில் திடீரென்று காலடியில் தரை விட்டுப் போனாற்போலச் சரிகிறது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக மடிந்து விழுகின்றன. மலைச் சாலையில் இறங்கும் டிரைவர் அறியவேண்டிய விதி உலகமெங்கும் ஒன்றுதான். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு. எஞ்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை வேண்டும்போது மட்டும் தொடு. தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும். அதிலுள்ள எண்ணெய் பழையதாக இருந்தால் கொதித்துப் போகும். பிறகு காலை வைத்தால் மெத்தையில் வைத்தது போல அமுங்குமே தவிர வண்டி நிற்காது.

தோழனுக்கு இது தெரியாதா? குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அவன் தன் சொந்தக் காரில் என்னைப் பல முறை அழைத்து வந்திருக்கிறான். கருமி காசைத் தொடுவது போல பிரேக்கைத் தொடுவான். அதே மனிதன் மலோயாவில் மேல் கியரிலேயே காரை விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டே இறங்கினான். ஐந்தாறு வளைவுகளுக்குள் கருகல் நாற்றம் காருக்குள் வந்துவிட்டது.

"கியரைக் குறையேன்" என்றேன்.

"வண்டி என்ன நம்முடையதா? எதற்கு அவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன்?"

"உன் காராக இருந்தால் இப்படி இறக்குவாயா?"

"என் கார் என்றால் நான்தானே பிரேக் மாற்றவேண்டும்? இவன் என்னைப் போல நூறு பேரைக் கணக்குப் போட்டுத்தான் வாடகை வைத்திருக்கிறான். நான் மெதுவாகப் போனால் எனக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறானா? மற்றவன் தேய்த்ததற்கெல்லாம் சேர்த்து நான் கொடுத்திருக்கிறேன் அப்பா!"

வியாபாரியின் வாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வாடகைக்கு விட்டவர்களைப் பொறுத்த வரையில் அது சரியான வாதம். அவர்களுக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டது. பிரேக் தேய்வதும் அவர்கள் கணக்கில் அடங்கியதுதான். ஆனால் அவன் கணக்கில் வராத ஓர் ஆள் உண்டு. நாங்கள் காரைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில் அதே காரை எடுத்துக்கொண்டு போகப் போகிறவன். மனைவியும் குழந்தைகளும் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவனும் இதே போல ஒரு தாளில் கையெழுத்துப் போடுவான். அந்தத் தாளில் கீறல்களுக்குக் குறி இருக்கும். கருகிப்போன பிரேக்குக்குக் குறி இருக்காது. கண்ணுக்குத் தெரிகிற தோலைத்தான் பரிசோதிக்கிறார்கள். உள்ளே நேர்ந்த காயம், அதை உண்டாக்கியவன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும்.

பணத்தால் மாற்றக்கூடியது நஷ்டம். ஆபத்தை மாற்ற முடியாது. நஷ்டம் ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்குப் போகும். ஆபத்து, பேரேடே இல்லாத ஒருவன் தலையில் போய் உட்காரும். கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்றினாரே, அவரை நான் பெரிய யோக்கியர் என்று சொல்லிவிட மாட்டேன். கீறல் விழாமல் அவர் பார்த்துக்கொண்டது தம் பணத்துக்காக. பிரேக்கை அவரும் மிதித்துத் தேய்த்திருக்கலாம். அது படத்தில் விழாது. பயந்தவர், துணிந்தவர் இருவருமே பில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்விஸ் நாட்டுச் சட்டம் இந்தத் தந்திரத்தை ஓரிடத்தில் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. பெரிய போக்குவரத்துக் குற்றங்களுக்கு அபராதத்தைக் குற்றவாளியின் வருமானத்தைப் பார்த்து விதிக்கிறார்கள். 2010-ல், ஒரு கிராமத்தின் வழியே கண்மண் தெரியாமல் கார் ஓட்டிய பெரும் பணக்காரர் ஒருவருக்கு ஸாங்க்ட் காலன் மாநிலத்தில் 2,99,000 பிராங்க் அபராதம் போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் பணக்காரனுக்கு அது அபராதமாக இராது, நுழைவுச் சீட்டாகிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அதுவும் பிடிபட்டவனுக்குத்தானே? கருகிய பிரேக்கை எந்தப் போலீஸ்காரன் பிடிப்பான்?

பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகு ஸோல்யோ என்ற மலைக் கிராமத்தைப் பார்க்கப் போனோம். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சரிவின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். போகும் பாதை குறுகலானது. பார்த்துவிட்டு நாங்கள் இறங்கும்போது, வளைவுக்கு அப்பாலிருந்து மூன்று ஸ்வரங்களில் ஒரு ஹார்ன் ஒலி கேட்டது. தபால் இலாகாவின் மஞ்சள் பஸ். ரோஸினி என்ற இத்தாலிய மேதை வில்லியம் டெல் கதைக்கு அமைத்த இசையிலிருந்து எடுத்த ஸ்வரங்கள் அவை. மலைத் தபால் சாலைகளில் இந்த பஸ்ஸுக்கே முதல் மரியாதை. அதன் டிரைவர் சொல்வதை மற்றவர்கள் கேட்கவேண்டும் என்பது சட்டம். அதோடு இன்னொரு விதியும் உண்டு. இரண்டு வண்டிகள் கடக்க முடியாத மலைப் பாதையில் இறங்குகிற வண்டிதான் பின்வாங்க வேண்டும். ஏறுகிற வண்டிக்குப் பக்கத்திலேயே ஒதுங்க இடம் இருந்தால் மட்டும் விலக்கு. நம் மலைச் சாலைகளிலும் ஏறுகிற வண்டிக்கே வழி.

நாங்கள் இறங்குகிறவர்கள். நூறு கஜம் பின்னால் போனால்தான் ஒதுங்க இடம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இடுப்பளவு கல்சுவர், அதற்கப்பால் ஆகாயம். தோழன் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினான். அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனான். நெற்றியில் வியர்வை. ஒரு முறை கூட அவன் பணம் கட்டியிருப்பதை நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பஸ்ஸின் முன் ஆசனத்தில் ஒரு கிழவி கூடையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒதுங்கி நின்றதும் பஸ் டிரைவர் ஒரு கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். தோழன் முகத்தில் ஒரு சந்தோஷம். பள்ளிப் பரிசு வாங்கிய பையனைப் போல இருந்தான்.

சற்று நேரத்துக்கு முன் மலோயாவில் பிரேக்கைக் கருக்கியவனும் இவனேதான். நல்லவன், கெட்டவன் என்று இரண்டு பேர் அவனுக்குள் இல்லை. இங்கே எதிரில் ஒரு முகம் இருந்தது, அங்கே இல்லை. முகம் தெரிந்துவிட்டால் மனிதன் பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்துகொள்கிறான். முகம் தெரியாதவனிடத்தில்தான் கணக்குப் பேசுகிறான். நாளை அந்தக் காரை எடுக்கப் போகிறவனுக்கு இன்றைக்கு முகம் கிடையாது. அதை யாராவது கற்பனை செய்துதான் பார்க்கவேண்டும். கதை எழுதுகிறவனுக்கு அது தொழில். அதனால் அவன் மற்றவர்களைவிட நல்லவனாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்தாளர்கள் பலரை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் இல்லாத ஒருவனுக்கு மூக்கும் முழியும் வைத்து, அவனுக்கு ஒரு மனைவியையும், காரில் ஏறினால் வாந்தியெடுக்கும் ஒரு பெண் குழந்தையையும் கொடுத்துவிட்டால், அவனுக்குத் தீங்கு செய்வது கொஞ்சம் கஷ்டமாகிவிடுகிறது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அந்தக் குடும்பத்தைத் தோழனுக்கு வர்ணித்தேன். "உனக்குக் கதை கட்ட வேறு இடம் கிடைக்கவில்லையா?" என்று சிரித்தான். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டான். ஆறு என்று சொன்னேன். அவன் பேத்திக்கு அப்போது ஆறு வயது என்பது எனக்குத் தெரியும். எழுத்தாளன் இம்மாதிரிச் சின்ன அயோக்கியத்தனங்களுக்குக் கூச்சப்படுவதில்லை.

மறுநாள் அதே வழியாகத் திரும்பினோம். யூலியரிலிருந்து கூர் நகருக்கு இறங்கும்போது கார் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூரிச்சில் காரைத் திருப்பிக் கொடுத்தோம். ஓர் இளைஞன் தாளை வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தான். புதிய கீறல் ஒன்றும் இல்லை. 'எல்லாம் சரி' என்று கையெழுத்திட்டுச் சாவிக்காகக் கையை நீட்டினான். தோழன் சாவியைக் கொடுக்காமல் சற்று நின்றான். பிறகு, மலோயாவில் பிரேக் அதிகமாகச் சூடேறிவிட்டது, யாராவது பார்த்த பிறகு வண்டியை வெளியே விடுவது நல்லது என்று ஆங்கிலத்தில் சொன்னான். இளைஞன் அவனை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தான். காரின் படத்தில் அதற்குக் குறி போட இடமில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஏதோ ஒரு வரி எழுதினான். மற்றச் சாவிகள் மாட்டியிருந்த பலகையில் அந்தச் சாவியை மாட்டாமல், தன் மேசையின் மேல் தனியே வைத்தான்.